வாந்திபேதிக்கு டிரிப்ஸா, உப்பு சர்க்கரைத் தண்ணியா? பாங்கான் முகாம், 1971

1971 ஜூன் மாதக் கடைசி. மேற்கு வங்கத்தின் எல்லையோர ஊரான பாங்கானில் ஒரு சின்ன அரசு மருத்துவமனை. காலரா நோயாளிகளுக்கென்று அங்கே ஒதுக்கியிருந்தது இரண்டு அறைகள், 16 படுக்கைகள். படுக்கை எப்போதோ தீர்ந்துவிட்டது. இரண்டு அறைகளிலும் தரை தெரியாத அளவுக்கு ஆட்கள் படுத்திருந்தார்கள். அவர்களுக்கு ஊசி குத்தி சலைன் ஏற்ற வேண்டுமென்றால் மலத்திலும் வாந்தியிலும் முட்டி போட்டு உட்கார்ந்துதான் குத்த வேண்டும். கல்கத்தாவிலிருந்து ஒரு குழுவோடு வந்த 36 வயது குழந்தை மருத்துவர் திலீப் மஹாலனாபிஸ் பார்த்த நிலைமை இதுதான். வந்து இரண்டு நாளுக்குள் அவருக்குக் கணக்கு புரிந்துவிட்டது: சலைன் போதாது, இருக்கிற சலைனை ஏற்றுவதற்குப் பயிற்சி பெற்ற கையும் போதாது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்த வருடம் மார்ச் 25 இரவு கிழக்கு பாகிஸ்தானில் ராணுவ ஒடுக்குமுறை தொடங்கியது, அடுத்த சில மாதங்களில் சுமார் ஒரு கோடிப் பேர் எல்லை தாண்டி இந்தியாவுக்குள் வந்தார்கள். பாங்கான் பக்கத்து முகாம்களில் மட்டும் மூன்றரை லட்சம் பேர். மழைக்காலம் வேறு, கழிப்பறை கிடையாது, நல்ல தண்ணீர் கிடையாது. காலராவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? முகாம்களில் காலரா வந்தவர்களில் கிட்டத்தட்ட 30 சதவீதம் பேர் இறந்துகொண்டிருந்தார்கள்.

இந்த நிகழ்வை இப்போது எடுத்து அலசக் காரணம் இருக்கிறது. நம் ஊரில் இன்றைக்கும் வயிற்றுப்போக்கு என்று கிளினிக்குக்குப் போகிறவர்களில் பாதிப்பேர் டாக்டரிடம் கேட்பது “ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திவிடுங்க சார்” என்பதைத்தான். ஏற்றாமல் ஓ.ஆர்.எஸ். (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சர்க்கரைத் தூள்) பாக்கெட் கொடுத்து அனுப்பினால் ஏதோ வைத்தியமே பார்க்காமல் துரத்திவிட்ட மாதிரி முகம் சுளிக்கிறோம். டிரிப்ஸ்தான் ‘ஸ்ட்ராங்’, வாயால் குடிப்பது ஏழைக்கும் லேசான கேஸுக்கும் என்று ஒரு நினைப்பு ஊறிக் கிடக்கிறது. அந்த நினைப்பு தப்பு என்பதற்கு பாங்கானைவிடக் கடுமையான சோதனை எங்கும் நடந்ததில்லை என்பது என் கருத்து.

முதலில் பேதியில் ஆள் ஏன் சாகிறார் என்பதைப் பார்த்துவிடலாம். கிருமி கொல்வதில்லை, தண்ணீர் இல்லாமல் போவதுதான் கொல்கிறது. காலராக் கிருமி ரத்தத்துக்குள் நுழைவதுகூட இல்லை. குடலில் உட்கார்ந்து ஒரு நச்சைச் சுரக்கிறது, அவ்வளவுதான். (அந்த நச்சு இருக்கிறது என்று 1959இல் காட்டியவரும் கல்கத்தாக்காரர்தான், சம்பு நாத் டே. வாழும் காலத்தில் நம் நாடு அவரைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.) அந்த நச்சு குடல் செல்லில் உப்பை வெளியேற்றும் வழியைத் திறந்து வைத்துவிடுகிறது, உப்பு போகும் இடத்துக்குத் தண்ணீரும் கூடவே போகிறது. கடுமையான காலராவில் வளர்ந்த ஆளுக்கு மணிக்கு ஒரு லிட்டர் வரைகூடப் போகும். அரிசி கழுவிய தண்ணீர் போல வெளுத்துப் போகும், வயிற்றுவலி பெரிதாக இருக்காது, காலையில் நன்றாக இருந்தவர் இரவுக்குள் கண் குழிவிழுந்து, நாடி பிடிபடாமல் கிடப்பார்.

இதைக் கணக்காகப் போட்டால் பாங்கானின் சிக்கல் புரியும். 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நீர்ச்சத்து கடுமையாக வற்றிவிட்டால் முதல் சில மணி நேரத்திலேயே கிட்டத்தட்ட 5 லிட்டர் திருப்பித் தர வேண்டும். அரை லிட்டர் பாட்டிலில் பத்து. அது வரைக்கும் போனதை ஈடுகட்ட மட்டும், பேதி நிற்கும்வரை போய்க்கொண்டே இருப்பதற்கு இன்னும் வேண்டும். ஒரு ஆளுக்கு இவ்வளவு என்றால் நாள்தோறும் வந்து குவிகிற கூட்டத்துக்கு எத்தனை லாரி? சுத்தமான ஊசி, டியூப், நரம்பு பிடிக்கத் தெரிந்த ஆள்? நீர் வற்றியவருக்கு நரம்பு கிடைப்பதே பெரும்பாடு, அதுவும் குழந்தை என்றால் சொல்லவே வேண்டாம்.

வாயால் தண்ணீர் கொடுத்தால் என்ன என்று யாருக்கும் தோன்றாமல் இல்லை. வெறும் தண்ணீர் கொடுத்தால் அப்படியே வெளியேறிவிடும், உப்புத் தண்ணீர் கொடுத்தாலும் பேதி கூடுகிறதே தவிர உள்ளே தங்கவில்லை. அதனால் ‘குடலுக்கு ஓய்வு கொடு’ என்பதுதான் பல காலம் பாடமாக இருந்தது. நம் வீடுகளில் “பேதி நிக்கிற வரைக்கும் எதுவும் கொடுக்காதே” என்று சொல்வதும் அதே சிந்தனைதான்.

விஷயம் திரும்பியது சர்க்கரையில். குடல் சுவரில் உப்பும் குளுக்கோஸும் ஜோடியாக வந்தால் மட்டும் திறக்கிற ஒரு தனிக் கதவு இருக்கிறது, தனியாக வந்தால் ரெண்டுக்கும் அங்கே இடமில்லை. 1960இல் பிராகாவில் நடந்த ஒரு கூட்டத்தில் ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்க உயிர்வேதியியலாளர் இதை முன்வைத்தார். காலரா நச்சு மற்ற வழிகளைக் குழப்பினாலும் இந்த வழியை ஒன்றும் செய்வதில்லை. குளுக்கோஸ் உள்ளே போகும்போது உப்பில் உள்ள சோடியத்தையும் இழுத்துக்கொண்டு போகிறது, பின்னாலேயே தண்ணீரும் போய்விடுகிறது. பேதி போய்க்கொண்டிருக்கும்போதே உடம்பு தண்ணீரை உள்வாங்க முடியும் என்பதுதான் இதில் உள்ள சூட்சுமம். ஓ.ஆர்.எஸ். பேதியை நிறுத்தாது. “ரெண்டு டம்ளர் குடிச்சும் நிக்கலையே” என்று தூக்கிப் போடுகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொண்டால் நல்லது, அதன் வேலை நிறுத்துவதே இல்லை.

கொள்கை தெரிவதற்கு முன்பே கைவைத்தியமாகச் செய்து பார்த்தவரும் உண்டு. கல்கத்தாவின் ஹேமேந்திர நாத் சாட்டர்ஜி 186 காலரா நோயாளிகளுக்குச் சர்க்கரை-உப்புக் கரைசலை வாயால் கொடுத்ததை 1953இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார். ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லை, அறிவியல் விளக்கமும் போதவில்லை என்று உலகம் அதைக் கடந்துபோய்விட்டது. 1962இல் மணிலாவில் ராபர்ட் ஃபிலிப்ஸ் என்ற அமெரிக்கக் கடற்படை மருத்துவர் செய்த முயற்சி மோசமாக முடிந்தது. கரைசலின் அடர்த்தி அதிகமாகிவிட்டதில் சிலர் இறந்தே போனார்கள். இந்த மணிலா விஷயத்தைக் கொஞ்சம் மனதில் வைத்திருங்கள், நம் அடுப்படிக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கிறது. அப்புறம் 1968இல் டாக்காவில் டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் என்ற இரண்டு இளம் மருத்துவர்கள், எவ்வளவு போகிறதோ அளந்து அதே அளவு வாயால் கொடுத்தால் சலைன் தேவை 80 சதவீதம் குறைகிறது என்று முறையாகக் காட்டினார்கள். ஆனால் அதெல்லாம் மருத்துவமனை வார்டு, பயிற்சி பெற்ற ஆட்கள், அளவு ஜாடிகள் எல்லாம் இருந்த இடம். முகாமில் இது நடக்குமா?

மஹாலனாபிஸ் நடக்கும் என்று துணிந்தார். நடக்காவிட்டாலும் அவர் கையில் வேறு வழி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். செய்முறை இதுதான்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு. பொட்டாசியம் இல்லை. இருந்திருந்தால் நல்லதுதான், ஆனால் எளிதில் கிடைக்கிற பொருளாக இருக்க வேண்டும் என்பது முதல் நிபந்தனை. கல்கத்தாவில் அவர்களுடைய ஆராய்ச்சி மையத்தின் நூலக அறையிலேயே எடை போட்டு, பாலிதீன் பைகளில் கொட்டி, சூடான இஸ்திரிப் பெட்டியால் வாயை ஒட்டி பாங்கானுக்கு அனுப்பினார்கள். அங்கே டிரம்களில் கரைத்து வைத்தார்கள். லிட்டருக்கு ஆன செலவு சுமார் 11 பைசா.

என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையின் நடுநாயகம் சூத்திரம் கிடையாது, யார் கொடுத்தார்கள் என்பதுதான். டிரம்மில் குழாய் இருந்தது, கப் இருந்தது, நோயாளியின் அம்மாவோ அண்ணனோ பிடித்துக்கொண்டு வந்து புகட்டினார்கள். நாடி விழுந்து மயக்கத்தில் வந்தவர்களுக்கு மட்டும் சலைன் ஏற்றினார்கள், அவர்களும் விழித்துக் குடிக்க ஆரம்பித்ததும் டிரம் பக்கம் மாறிவிட்டார்கள். கையிருப்பில் இருந்த கொஞ்ச சலைன் உண்மையிலேயே அது இல்லாமல் பிழைக்க முடியாதவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டு மாதம் போல இப்படி நடந்தது. 3,700க்கும் மேற்பட்ட நோயாளிகள். இறப்பு 3.6 சதவீதம்.

30 எங்கே, 3.6 எங்கே. ஆனால் நிகழ்வு ஆய்வு என்று எழுத உட்கார்ந்துவிட்டு இதை அப்படியே விழுங்கிவிடக் கூடாது. இது முறைப்படியான சோதனை இல்லை. பாதிப்பேருக்குக் கொடுத்து பாதிப்பேருக்குக் கொடுக்காமல் யாரும் ஒப்பிடவில்லை, அந்தச் சூழலில் அப்படிச் செய்வது மனசாட்சிக்கே அடுக்காது. குழு வந்த பிறகு கவனிப்பு கூடியிருக்கும், ஆட்கள் கூடியிருப்பார்கள், லேசான கேஸ்களும் வந்திருக்கலாம். இந்தச் சந்தேகங்கள் நியாயமானவைதான். அன்றைக்குப் பல மருத்துவர்கள் இதைச் சொல்லித்தான் மறுத்தார்கள், கட்டுரையைப் போட முதலில் இதழ்களும் முன்வரவில்லை, 1973இல்தான் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. இருந்தாலும் இத்தனை பெரிய வித்தியாசத்தை ‘கவனிப்பு கூடியது’ என்று மட்டும் சொல்லி விளக்கிவிட முடியாது, அதற்கு முன் டாக்காவில் முறையாகச் செய்த சோதனையும் அதே திசையைத்தான் காட்டியது. உலக சுகாதார நிறுவனத்தில் இருந்த திமான் பருவா முகாமுக்கே நேரில் வந்து பார்த்தவர், நிறுவனத்துக்குள் இதற்காக விடாமல் வாதாடியதில் அவருக்குப் பெரிய பங்கு. 1978இல் அந்த நிறுவனம் வயிற்றுப்போக்குக்கென்று தனித் திட்டம் தொடங்கியது. அதே வருடம் லான்செட் தலையங்கம், குளுக்கோஸும் சோடியமும் குடலில் சேர்ந்து போகின்றன என்ற கண்டுபிடிப்பு இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இருக்கக்கூடும் என்று எழுதியது. மஹாலனாபிஸ் 2022 அக்டோபரில் காலமானார், பத்ம விபூஷண் 2023இல் வந்தது. சரி, நம் வழக்கம் அப்படி.

மருத்துவமனை இல்லாத இடத்திலும் இது வேலை செய்யுமா என்பதற்கு அடுத்த பதில் வங்கதேசத்தில் கிடைத்தது. பிராக் என்ற தொண்டு நிறுவனம் 1980 முதல் பத்து வருடம் வீடு வீடாகப் பெண் ஊழியர்களை அனுப்பி, மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் (சுமார் அரை லிட்டர்) தண்ணீர் என்று அம்மாக்களுக்குச் சொல்லிக் கொடுத்தது. ஒரு கோடியே இருபது லட்சம் வீடுகள் வரை. ஊழியருக்குச் சம்பளம் எப்படி என்றால், பிறகு வேறொருவர் போய்க் கேட்கும்போது அந்த அம்மா எவ்வளவு நினைவு வைத்திருக்கிறாரோ அதற்கேற்ப. ஆனாலும் அம்மாக்கள் பலர் செய்முறையை ஒப்பித்தார்களே தவிர பேதி வந்தபோது கலக்கிக் கொடுக்கவில்லை. தோண்டிப் பார்த்தால் சொல்லிக்கொடுத்த ஊழியர்களிலேயே பலருக்கு இதில் நம்பிக்கை இல்லை, தங்களுக்கு வயிறு போனால் மாத்திரைதான் தேடினார்கள். அப்புறம்தான் ஊழியர்களுக்கு ஏன், எப்படி வேலை செய்கிறது என்பதை உட்காரவைத்துச் சொன்னார்கள். நம் ஊர் நிலைமைக்கு இதைவிடப் பொருத்தமான கண்ணாடி எனக்குக் கிடைக்கவில்லை.

இப்போது நம் பக்கம் வருவோம். நாம் கேட்டு வாங்குகிற ‘குளுக்கோஸ் பாட்டிலில்’ என்ன இருக்கிறது? அது வெறும் 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் என்றால் அதில் உப்பே இல்லை, பேதியில் போன சோடியத்தை அது ஈடுகட்டாது. உண்மையாகவே நரம்பு வழியாக ஏற்ற வேண்டிய நோயாளிக்கு சோடியம், பொட்டாசியம் எல்லாம் கலந்த ரிங்கர் லாக்டேட் திரவம்தான் முதல் தேர்வு, கிடைக்காவிட்டால் நார்மல் சலைன். அதுவும் 100 மில்லி, 200 மில்லி கணக்கில் இல்லை, கிலோவுக்கு 100 மில்லி என்று வேகமாகப் போக வேண்டும். நடந்து வந்து பெஞ்சில் உட்கார்ந்து செல்போன் பார்க்கிறவருக்கு அரை லிட்டர் ஏற்றி அனுப்புவதில் தெம்பு வந்த உணர்வு கிடைக்கும், அதே அரை லிட்டரை இரண்டு டம்ளரில் குடித்திருந்தால் ஊசி குத்திய இடம் வீங்கும் தொல்லை இருந்திருக்காது, பணமும் மிச்சம்.

மணிலாவை ஞாபகம் வைக்கச் சொன்னேன். நம் வீடுகளில் நடக்கிற பெரிய தப்பு அதே அடர்த்தித் தப்புதான். ஒரு லிட்டருக்கான பெரிய பாக்கெட்டைக் குழந்தை கொஞ்சமாகத்தானே குடிக்கிறது என்று ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்குவது, அல்லது பாக்கெட்டில் கால்வாசி மட்டும் போட்டு மீதியை மடித்து வைப்பது. இரண்டுமே ஆபத்து. முதலாவது உப்பை ஏற்றிவிடும், பேதியையும் கூட்டும். முழு பாக்கெட், முழு லிட்டர், கலக்கியதை 24 மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். 200 மில்லிக்கான சின்ன பாக்கெட்டும் கடையில் இருக்கிறது, அதன் மேலேயே அளவு போட்டிருக்கும், படித்துவிட்டுக் கலக்குங்கள். பாலிலோ ஜூஸிலோ கலக்கக் கூடாது, மேற்கொண்டு சர்க்கரையும் சேர்க்கக் கூடாது. 2002க்குப் பிறகு சூத்திரமே மாறி அடர்த்தி குறைந்திருக்கிறது: லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, சிட்ரேட் 2.9. பாங்கானில் இருந்ததைவிடக் குளுக்கோஸ் எவ்வளவு குறைவு பாருங்கள். குறைத்ததும் பேதியின் அளவும் வாந்தியும் குறைந்தன.

பாக்கெட் இல்லாத ராத்திரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, கரண்டியைத் தட்டையாக வழித்துப் போட வேண்டும், குவித்து இல்லை. உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரும் நீர்மோரும் நல்லதுதான். கஞ்சியில் உள்ள மாவுச்சத்து குடலில் மெல்ல மெல்ல உடைந்து குளுக்கோஸாகிறது, அதனால் ஒரேயடியாக அடர்த்தி ஏறுவதில்லை. இதை ஒட்டி வேலூர் சி.எம்.சி.யில் பி.எஸ். ராமகிருஷ்ணா குழுவினர் ஒரு படி மேலே போய், சிறுகுடலில் செரிக்காத ஒரு வகை சோள மாவுச்சத்தை ஓ.ஆர்.எஸ்.ஸில் சேர்த்தால் காலராவில் பேதியின் அளவு குறைகிறது, சீக்கிரம் நிற்கிறது என்று 2000இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழில் எழுதினார்கள். பெருங்குடல் பாக்டீரியா அந்த மாவை நொதிக்க வைத்து, அங்கேயும் தண்ணீர் உள்வாங்கப்படுகிறது. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. கூடக் குடிக்கலாம், ஓ.ஆர்.எஸ்.ஸுக்குப் பதிலாக வைத்துக்கொள்ள முடியாது.

கடைசியில் டெட்ரா பாக்கெட் பானங்கள். மருந்துக் கடையிலேயே, ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்தைப் பெரிதாகப் போட்டு, உள்ளே சர்க்கரை அள்ளிக் கொட்டிய பானங்கள் வருஷக்கணக்கில் விற்றன. ஹைதராபாத்தின் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல வருடம் இதை எதிர்த்துப் போராடினார், 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இந்த மாதிரி பானங்களின் பெயரில் அந்த எழுத்துகளைப் போடக் கூடாது என்று உத்தரவு போட்டது. கலர், சோடா, எனர்ஜி டிரிங்க் எல்லாம் இதே ரகம்தான். சர்க்கரை கூடினால் குடல் தண்ணீரை உள்ளே விடுவதற்குப் பதில் உடம்பிலிருந்து இழுத்துக்கொள்ளும்.

மற்ற மருந்துகளைப் பற்றி. குழந்தைகளுக்கு ஜிங்க் மாத்திரை கட்டாயம் கேளுங்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டோடு இலவசமாகவே தருவார்கள். இரண்டு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை தினம் 10 மில்லிகிராம், அதற்கு மேல் 20. பேதி நின்றாலும் 14 நாள் முடிக்க வேண்டும், அடுத்த சில மாதங்களில் திரும்ப வருவதையும் அது குறைக்கிறது. குழந்தைகளின் பேதியில் பெரும்பகுதி வைரஸால் வருவது, ஆன்டிபயாடிக் அங்கே ஒன்றும் செய்யாது. மலத்தில் ரத்தம் வந்தாலோ காலரா என்று சந்தேகம் இருந்தாலோ மருத்துவர் எழுதித் தருவார். பேதியைக் கட்டுகிற மாத்திரையைச் சின்னக் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. தாய்ப்பால், சோறு எதையும் நிறுத்த வேண்டாம். தொக்கம் எடுக்கப் போவதில் அரை நாள் வீணாகிறது, அந்த அரை நாள்தான் பல குழந்தைகளுக்கு வினையாகிறது. ஆனால் பாட்டிகள் “உச்சிக்குழி உள்ளே போயிருக்கு பாரு” என்று சொன்னால் அலட்சியம் செய்யாதீர்கள், கைக்குழந்தைக்கு அது நிஜமாகவே நீர் வற்றியதற்கான அடையாளம்.

எவ்வளவு கொடுப்பது? ஒவ்வொரு முறை தண்ணியாகப் போன பிறகும் இரண்டு வயதுக்குக் கீழே 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200, பெரியவர்கள் கேட்கிற வரைக்கும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, திரும்ப ஸ்பூன் ஸ்பூனாக, அவசரப்படாமல். தாகத்தில் டம்ளரைப் பிடுங்கிக் குடிக்கிறது, கண் உள்வாங்கியிருக்கிறது, சிணுங்கிக்கொண்டே இருக்கிறது என்றால் நீர் வற்றத் தொடங்கிவிட்டது; சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய் நான்கு மணி நேரத்தில் கிலோவுக்கு 75 மில்லி என்ற கணக்கில் வாயாலேயே கொடுத்துப் பார்ப்பார்கள், பெரும்பாலும் அதிலேயே தேறிவிடும். குழந்தை துவண்டு கிடக்கிறது, எழுப்பினாலும் சரியாக விழிக்கவில்லை, குடிக்க முடியவில்லை, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் இரண்டு விநாடிக்கு மேல் மடிப்பாகவே நிற்கிறது: இதற்குத்தான் டிரிப்ஸ், இங்கே தாமதித்தால் உயிருக்கே மோசம், உடனே 108ஐ அழையுங்கள். வண்டி வருகிற வரையும் போகிற வழியிலும் குழந்தைக்கு விழுங்க முடிந்தால் வாய் வாயாகப் புகட்டிக்கொண்டே போகலாம்.